அரிசி டிரம்முக்குள் அடித்த அலாரம்

கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கடைசியாக நான் கூட்டிப்போன மாவட்டப் போட்டியை நினைத்தால் இப்போதும் உடம்பு பரபரக்கிறது.

கோ-கோ விளையாட்டில் முதுகைத் தட்டி "கோ" கொடுத்ததும் உட்கார்ந்திருப்பவள் எழுந்து பாய வேண்டும். எங்கள் டீமின் நம்பிக்கையே பத்தாம் வகுப்பு கவிதாதான். அவளோ கொட்டாவி விட்டுவிட்டு எழுந்தாள். போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏ புள்ள, கண்ணு ஏன் இப்பிடிச் செவந்திருக்கு?"

"ரீல்ஸ் டீச்சர். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு தானா வருது."

அவள் அம்மா பேச்சியம்மாளை வரச்சொன்னேன். திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போகிறவர்.

"பொழுது சாஞ்சதும் போனைப் பிடுங்கி அரிசி டிரம்முல பொதைச்சுர்றேன் டீச்சர். நனைஞ்ச போனை அங்கனதான போடுறோம், காஞ்ச போனும் கெடக்கட்டும்!"

முதல் இரண்டு நாள் கவிதா மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பார்க்கணுமே, முயல் மாதிரித் துள்ளினாள்!

போட்டியன்று காலை எல்லாரும் வேனில் ஏறியாகிவிட்டது. கவிதாவை மட்டும் காணோம். போன் அடித்தால் எடுப்பாரில்லை.

டிரைவர் கத்தினார்: "மத்த டீமெல்லாம் தேனிக்குப் போய்ச் சேந்துட்டாகளாம் டீச்சர்! லேட்டானா சேக்க மாட்டாக!"

"அவ இல்லாம போயி என்னத்தைப் பண்ண? வண்டியை அவ தெருவுக்கு விடுங்க!"

கதவைத் தடதடவென்று தட்டினோம். தலைவிரி கோலமாகக் கவிதா வந்து நின்றாள். உள்ளே டிரம்முக்குள்ளிருந்து முனகலாக ஒரு பாட்டு. அவளை எழுப்பும் அலாரமே அந்தப் போனில்தான் இருந்திருக்கிறது! போன் இல்லாத நாளெல்லாம் எழுப்பிவிட்ட அம்மாவும் அன்று விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"அய்யய்யோ டீச்சர், நல்லாத் தூங்கிட்டேன்!"

திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். ஓடுகிற வேனில் ஆளுக்கொரு பக்கம் அவளுக்குச் சடை பின்னினார்கள்.

ஃபைனலில் கடைசி நிமிடம். எதிர் டீமில் ஒருத்தி மட்டும் பிடிபடாமல் ஓடிக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டால் கோப்பை எங்களுக்கு. கவிதா முதுகில் "கோ" விழுந்தது. அடேயப்பா, என்ன பாய்ச்சல்! விசிலுக்கு முன்னே அவளைத் தொட்டுவிட்டாள். மாநிலப் போட்டிக்குப் போகிறோம்! நான் குதித்த குதியில் என் செருப்பு அறுந்தது.

போனைப் பிடுங்கினால் போதாது, அது செய்துவந்த நல்ல வேலைக்கும் ஓர் ஆள் வைக்க வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன். தேனி பஜாரிலேயே மணியடிக்கும் கடிகாரம் ஒன்று வாங்கினேன். பிள்ளைகள் வழியெல்லாம் அதைச் சாவி கொடுத்து அலறவிட்டார்கள். கவிதா மட்டும் கோப்பையைக் கட்டிக்கொண்டு, சின்னமனூர் வருமுன்னே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.