எஸ்தர் ஒடியாவில் பேசிய காலை

பிரியமானவர்களே, போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் என் மனைவி எஸ்தர் நினைவு தப்பிக் கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை.

நான் மிஷனரி டாக்டர். ஒடிசா மலைக்காடுகளில் இருபத்திரண்டு வருடம் மலேரியாவோடு மல்லுக்கட்டினேன். எஸ்தர் அங்கே நர்ஸ். கடைசி மழைக்காலத்தில் நிறையப் பிள்ளைகளை அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ மரத்துப்போனது. பிரசங்கம் பண்ணுவேன், நாக்கு மட்டும் வேலை செய்யும். ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் சொந்த ஊரான ராஜபாளையத்துக்கு ரயில் ஏறினோம்.

கிளம்பும்போதே அவளுக்கு லேசான காய்ச்சல். சோதனை அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்த்தேன். மலேரியா இல்லை என்றது. ஒருமுறை இல்லை என்று வந்தால் நம்பாதே, மறுபடியும் பார் என்று கிராமம் கிராமமாகப் பாடம் நடத்தியவன் நான். அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு டீ குடித்தேன்.

ஞாயிறு வந்து சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் சீட்டு எழுதிய பெண், "எந்த ஊரு?" என்றாள். "ராஜபாளையம்தாம்மா" என்றேன். நம் ஆட்கள் நிலாவிலிருந்து இறங்கி வந்தாலும் அந்தக் கேள்விக்குச் சொந்த ஊரைத்தானே சொல்வோம். ஒடிசா என் வாயில் வரவேயில்லை. ஊரெல்லாம் டெங்கு. இவளுக்கும் ரத்தத்தில் தட்டணு குறைவு. டெங்கு என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

வியாழன் காலை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. உபவாசம், கண்ணீர் எதுவும் என்னால் முடியவில்லை. "ஆண்டவரே, எஸ்தரைப் பாரும். எனக்கு மூளையும் ஓடல, மனசும் ஓடல" என்றேன். ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் லேப் டெக்னீஷியன் காதர் பாய் ரத்தம் எடுக்க வந்தார். எஸ்தர் ஏதோ புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா என்ன பாஷை பேசுதாக? நம்மூருத் தெலுங்கு மாதிரியும் இல்லையே."

"ஒடியா, பாய். யாரையோ மாத்திரைய முழுங்கச் சொல்லி அதட்டுதா. அங்கதான் இருந்தோம். ஞாயித்துக்கிழமைதான் வந்தோம்."

"சீட்டுல ராஜபாளையம்னுல்லா போட்டிருக்கு. அங்க என்ன சோலி பாத்தீய?"

"மலேரியா டாக்டர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பாத்தீய போங்க" என்றார். தனியாக ஒரு கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி எடுத்துக்கொண்டு போனார்.

மைக்ரோஸ்கோப்பில் மலேரியாக் கிருமி தெரிந்தது. மூளையைத் தாக்குகிற வகை. மதுரையிலிருந்து ஊசி மருந்து வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க அப்படியே கிடந்தாள். சனிக்கிழமை மத்தியானம் கண் திறந்து, "என்னங்க, சவரம் பண்ணலையா? பாக்கச் சகிக்கல" என்றாள்.

நான் அழவில்லை. சாட்சி சொல்கிறவன் இந்த இடத்தில் அழ வேண்டும் என்று தெரியும். வரவில்லை.

காதர் பாயைத் தேடிப் போய், "கர்த்தர்தான் உங்கள அனுப்பினார், பாய்" என்றேன். "வார்டு நர்ஸம்மால்லா சார் ரத்தம் எடுக்க அனுப்புனாக" என்றார். கர்த்தர் அந்த நர்ஸம்மாவையும் அனுப்பினார் என்று நான் நம்புகிறேன்.

எஸ்தர் இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அக்கா வீட்டில் சமையலைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். தேவனுக்கு ஸ்தோத்திரம். நான் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் வாரம் ஒருநாள் காய்ச்சல்காரர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு வரி ஜெபிக்கிறேன். அநேக நாள் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது வாய் வந்து மனசு வராமல் இருந்தால், மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் மரக்கட்டையாகத்தான் கேட்டேன். அவர் கேட்டார்.