தேயிலை அடுப்பில் காய்ந்த கதவு

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் எங்கள் மர வியாபாரிகள் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். அடுத்த வருடத்துத் திட்டங்களைச் செயலாளர் நிஸ்தார் அண்ணன் — எங்களுக்கெல்லாம் நானா — வாசித்தார். ஹட்டன் கடைவீதியில் தகப்பனார், அதாவது அவருடைய வாப்பா, காலத்திலிருந்து மரம் விற்கும் குடும்பம் அவருடையது. அங்கத்தவர்களுக்குப் பொதுவாக மரம் உலர்த்தும் சூளை ஒன்று, சிங்களத்தில் வரும் பெர்மிட் படிவங்களை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள், மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் இன்னும் இரண்டு...

"சூளைக்கு யார் யார் சம்மதம்? கையத் தூக்குங்க" என்றார்.

முதல் கை என்னுடையது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்காதா பின்னே? மரக்காலை, அதாவது மரக்கடை, வைத்துப் பிழைத்துக்கொண்டே, அதே சங்கத்தை 'வடை தின்னும் சங்கம்' என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் கிண்டலடித்தவன் நான். வாசகர்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பேச்சை இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன் — முழு மனதோடு.

காரணம், ஒரு கதவு.

ஸ்டெல்லா டீச்சர் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றவர். இப்போதுதான் சொந்தமாக ஒரு வீடு. கதவுக்கு மரம் கேட்டு என்னிடம் வந்தார்.

"ஜன்னல் எப்படி இருந்தாலும் பரவால்லண்ணே. முன் கதவு மட்டும் மஹோகனியில அம்சமா இருக்கணும்ங்க."

என்னிடம் இருந்ததோ பச்சை மரம். எங்கள் ஊர்ப் பனியில் பலகை காய்வதென்றால் லேசா? வெயில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், மிச்ச நேரமெல்லாம் தூறல். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. என் அப்பா தேயிலை பெக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டவர். கொழுந்து காய்கிற சூட்டில் பலகை காயாதா என்ன? பெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் வேறு என் சிநேகிதன். அடுப்பறைச் சுவரோரமாகப் பலகைகளை அடுக்கினேன். ஒரே வாரம்... தட்டினால் 'டங்' என்று சத்தம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தச்சர் கதவு செய்தார். மாட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் வாரம் டீச்சரிடமிருந்து போன்.

"அண்ணே, கதவு அப்பளம் மாதிரி வளைஞ்சிருச்சுங்க. கீழ முட்டுது, மேல கை போற அளவுக்கு சந்து. வார சனிக்கிழம பாதர் வீடு மந்திரிக்க வாறாரு. லயத்து சனம் அத்தனையும் வரும். நான் என்னங்க பண்ணுவேன்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டார்.

வெட்கத்தை விட்டு நிஸ்தார் நானாவுக்குப் போன் போட்டேன். அன்று பின்னேரமே மீட்டரோடு வந்து நின்றார். மிச்சமிருந்த பலகை ஒன்றைக் குறுக்கே அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தின் நடுவில் மீட்டரின் ஊசிகளைக் குத்தினார்.

"மேலால நல்லா காஞ்சி ஈக்கி. உள்ளுக்கு இன்னும் பச்ச. எங்க தம்பி காய வெச்சீங்க?"

சொன்னேன். சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவே இல்லை.

"கொழுந்து மெல்லிசு தம்பி. மரம் அப்படியா? அவசரப்பட்டு சூடு காட்டினா தோல் இறுகிரும். உள்ள ஈக்கிற ஈரம் வெளிய வர வழி இல்ல. பொறகு அது தன்ட இஷ்டத்துக்கு வளையும்."

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கத்தவர் ஒருவர் சொன்ன தவணைக்கு மரம் கொடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டால், கையில் காய்ந்த மரம் வைத்திருப்பவர் கொடுத்து உதவ வேண்டும். நானா வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். நான் அந்தக் குழுவின் சத்தத்தை அடைத்து வைத்தே வெகு காலம்!

முதலில் பதில் போட்டவர் யார் தெரியுமா? வலப்பனை ஊர்ச் செல்வராஜ். பள்ளிக்கூட மேசை ஓர்டர் ஒன்றில் இருவரும் முட்டிக்கொண்டதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர். கொட்டிலில் இடைக்கட்டை வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, இரண்டு வருடம் பொறுத்திருந்து காயவைத்த மஹோகனி. மறுநாள் காலையில் லொறியில் வந்து இறங்கியது. டிரைவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என் மரம்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம். டீச்சர் வீட்டு காரியம் நல்லா நடக்கட்டும்."

மன்னிக்க வேண்டும் செல்வராஜ், பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். இந்த நன்றியை மனசுக்குள் பூட்டி வைக்க என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புதுக் கதவு ஏறியது. சனிக்கிழமை நானும் நானாவும் போயிருந்தோம். பாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து முடித்தார். சாப்பாடு எடுக்கப் போகிற நேரம் டீச்சர், "எல்லாரும் ஒரு நிமிஷம் வெளிய நில்லுங்க" என்றார். ஏன், எதற்கு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பாதர் உட்பட எல்லாரும் தூறலில் இறங்கி நின்றோம்.

டீச்சர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. மறுபடியும் கதவில் ஏதாவது கோளாறா?

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். கண் சிவந்திருந்தது.

"காம்பராவுல பக்கத்து வீட்டுக்காரங்க இருமினா நாங்க முழிச்சுக்குவோம்ணே. நாப்பது வருஷம் அப்பிடித்தான். கதவ சாத்தினா சத்தம் அடங்கும்னு இப்பதாங்க தெரியுது... வாங்க, எல்லாரும் உள்ள வாங்க!"

நாற்பது வருடம் காத்திருந்தவருடைய கதவு. அதைப் போய் நான் ஒரே வாரத்தில் காயவைக்கப் பார்த்தேனே!