புருவத்தில் மாட்டிய பிரம்பு

ஏழாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராக வேலை செய்தவன் நான். இப்போது விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் இருக்கிறேன். கேரளாவிலிருந்து கொண்டுவந்த பிரம்புப் பழங்களின் சதையைக் கழுவி, விதைகளைக் காயவிடாமல் நிழலில் ஈரமணலில் முளைக்க வைத்தேன். ஒரு கன்றைக் குழாயடியில் நட்டதுதான் தப்பு.

செடி வளர்ந்ததும் கொக்கிமுள் நிறைந்த, சாட்டை போன்ற அதன் வால் பாதையில் தொங்கியது. குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் புருவத்தில் மாட்டியது. கண்ணுக்கு நூலிழைதான் இடைவெளி.

“இழுக்காதீங்கக்கா! செடிப் பக்கமா ஒரு அடி வாங்க, கழண்டுக்கும்.”

வந்தார், கழன்றது. கீறல் மட்டும்தான்.

“தண்ணி புடிக்க வந்தவளுக்குத் தூண்டில் போட்டு வெச்சிருக்கியா?” என்று திட்டினார்.

இப்போது ஆள் அதிகம் நடமாடாத வாய்க்கால் ஓரத்தில், ஏறிப் படர மரம் இருக்கும் இடத்தில்தான் பிரம்பு நடுகிறேன். செழிப்பாக வளர்கிறது. பாதைப் பக்கம் திரும்பும் வாலைப் பார்த்த அன்றே வெட்டிவிடுகிறேன்.