வட்டம் போட்ட வீடு

என் அக்கா புருஷன் முப்பத்தோரு வருஷம் பம்பு செய்யும் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவர். சட்டைப்பையில் எப்போதும் மஞ்சள் சாக்பீஸ். வார்ப்பில் சின்னக் குறை இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். சரிசெய்து மறுபடி கொண்டுவர வேண்டும். தேறவே தேறாது என்றால் பெருக்கல் குறி. நேராகக் காயலான் குவியலுக்குப் போய்விடும். ஆனால் அத்தான் பெருக்கல் குறி போட்டுப் பார்த்தவர்கள் அங்கே குறைவு. "எதையும் சரி பண்ணலாம்யா, பொறுமைதான் வேணும்" என்று ஒரே பாகத்தை ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பெயரே 'வட்டம்'தான். வழியனுப்பு விழாவில் மேலாளரே வாய்தவறி மைக்கில் அப்படிச் சொல்லிவிட்டாராம்.

ஓய்வுபெற்று வந்தவர் கையில் வீடு மாட்டியது. வீட்டின் கையில் அவர் மாட்டினார் என்றும் சொல்லலாம். அக்காதான் இரண்டின் கையிலும் மாட்டினாள்.

அது மாடி வீடு. கீழே கூடமும் சமையலறையும். மேலே படுக்கையறை, குளியலறை, கழிப்பறை. நடுவில் பதினாறு படி. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம். கழிப்பறை மேலே இருப்பதால் அவளும் மேலேயே தங்கிவிட்டாள். அத்தான் சமைத்துத் தட்டில் வைத்து எடுத்துப்போவார். அந்தச் சமையலைச் சாப்பிடுவது தனித் தண்டனை. என்னோடு வந்து இரு என்று கூப்பிட எனக்கு வாயில்லை. நான் குடியிருப்பது இரண்டாம் மாடியில்.

அப்போதுதான் என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் தரைத்தள வீடு விலைக்கு வந்தது. வாசலில்கூடப் படி கிடையாது. "உங்க அக்காவுக்காக அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். இந்த வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். ஒன்றரை மாதம் இருந்தது.

"நாலே நாலு ரிப்பேர். முடிச்சுட்டு ஆள் பார்க்கலாம்" என்றார் அத்தான்.

குழாய் சொட்டுவது, ஜன்னல் கொக்கி, இழுத்துப் பிடிக்கும் கதவு, சமையலறைச் சுவரில் ஓதம். குழாயும் கொக்கியும் ஒரே நாளில் முடிந்தன. கதவை இழைத்ததும் நிலை சாய்ந்திருப்பது தெரிந்தது. ஓதத்தைச் சுரண்டியதும் பின்னால் விரிசல் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மஞ்சள் வட்டம். நாலு பத்தாயிற்று, பத்து முப்பத்தெட்டாயிற்று. பெயின்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், அடிச்ச பெயின்ட் காயறதுக்குள்ள அது மேலயே சாக்பீஸ் வைக்கறீங்க. நான் சுவத்துக்கு அடிக்கறேனா, உங்க கண்ணுக்கு அடிக்கறேனா?" என்று கேட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அத்தானே பிரஷ்ஷை எடுத்தார்.

மேலே போனால் அக்காவின் கட்டிலுக்குப் பின்னால்கூட ஒரு வட்டம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எதிர்வீட்டு நாய் எத்தனை மணிக்குக் கொட்டாவி விடும்னு இப்ப எனக்குத் தெரியும்டி" என்றாள் ஒருநாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அழுகையும் வந்தது. "கீழ தட்டற சத்தம் நின்னா சந்தோஷமா இருக்கும். ஆனா அவர் அடுத்த குறையைத் தேடறார்னு அர்த்தம்."

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஓர் இளம் தம்பதி வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சமையலறை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த ஏரியாவில் இவ்வளவு வெளிச்சமான வீடு பார்க்கவில்லை என்றாள். நான் மனசுக்குள் அக்காவின் துணிமணிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அத்தான் டார்ச் லைட்டோடு வந்து பீரோவை நகர்த்தினார். பின்னால் தலைமுடி கனத்தில் ஒரு கீறல்.

"பரவால்ல சார், பழைய வீடுன்னா இருக்கும்தானே" என்றான் அந்தப் பையன்.

"அப்படி விட முடியாது தம்பி. சரி பண்ணிடறேன். பத்து நாள் கழிச்சு வாங்க, அப்புறம் பேசலாம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்கறேன்னு வந்தவங்களைத் துரத்தி விட்டுட்டீங்களே அத்தான்! பத்து நாள்ல மாசமே முடிஞ்சிடும்."

"குறையோட ஒரு சாமானை என் கையால பாஸ் பண்ணதில்லம்மா. எனக்கு வராது."

"என்னாச்சுங்க?" என்று மேலிருந்து அக்காவின் குரல் வந்தது. இரண்டு முறை கேட்டாள். அத்தான் கீறலைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் தலை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. அத்தான் கீறலில் பூசப் பட்டி வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தார். உள்ளே போனால், கடைசிப் படியில் அக்கா. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கியிருக்கிறாள். மூச்சு வாங்கியது, புடவையெல்லாம் தூசி. கையில் அத்தானின் சாக்பீஸ், கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்து. அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பெருக்கல் குறி.

நான் தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

அத்தான் பட்டி டப்பாவோடு வந்து நின்றார். கீழிருந்து மேலே வரை பார்த்தார். பழக்கம் விடுமா? குனிந்து ஒரு படியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"படி நல்லாத்தானே இருக்கு. இதுக்கு எதுக்கு இன்டு போட்டே?"

"உங்களுக்கு நல்லாருக்கு. எனக்குத் தேறாது. ஏழு தடவை இல்ல, எழுபது தடவை திருப்பி அனுப்பினாலும் தேறாது" என்றாள் அக்கா. "இனிமே நான் மேல ஏறமாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

அத்தான் டப்பாவைக் கீழே வைத்தார். இத்தனை மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கிய மனிதர், அந்தப் படிகளை அன்றைக்குத்தான் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. போனை எடுத்து அந்தப் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்ல இன்னும் இருபத்தொண்ணு குறை பாக்கி. எதையும் நான் சரி பண்ணப் போறதில்ல. இப்படியே வேணும்னா இன்னைக்கே வாங்க."

சாயங்காலம் வந்தார்கள். அக்கா கூடத்து நாற்காலியில் இருந்தாள். படிகளைப் பார்த்த அந்தப் பெண், "இது என்ன சார், எல்லாப் படியிலயும்?" என்று கேட்டாள்.

"அவர் போடாம விட்டதும்மா. நான் போட்டேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் அக்காவின் கால்களைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "எடுத்துக்கலாம்" என்றாள்.

நான் டீச்சருக்குச் சொல்லிவிட்டேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போ என்றார். ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அத்தான் சமையலறைக்குப் போய் ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்தார். படிகளைத் துடைக்கப்போகிறார், இந்த மனுஷன் திருந்தமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் அக்காவின் முன்னால் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மஞ்சளை மெதுவாகத் துடைத்தார்.