மொழிபெயர்ப்பவளிடம் ஒரு கேள்வி

இத்தாலியிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் பேனாவை மூடி வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பிளாண்ட் மேனேஜர், இந்தப் பக்கம் எங்கள் ஃபோர்மேன், நடுவில் நான். அதுவரை அவர் கேட்டதெல்லாம் ஃபோர்மேனிடம்தான். நான் தமிழில் கேட்டு, பதிலை இத்தாலியனில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் நாற்காலியையே என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "லெய் கே நே பென்ஸா?" என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அர்த்தம். அது புரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான். மற்ற இருவரும் நான் அதைத் தமிழில் சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

நான் திருநெல்வேலிக்காரி. குடியிருப்பது ஆவடியில், அப்போது வேலை பார்த்தது அம்பத்தூரில், மசாலாப் பொடியைப் பொட்டலம் போட்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில். பொட்டலம் போட இத்தாலியிலிருந்து மிஷின் வாங்கினார்கள். அங்கிருந்து வரும் ஆட்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதைவிட உள்ளேயே ஒரு ஆளைத் தயார் பண்ணிவிடலாம் என்று மேனேஜர் கணக்குப் போட்டு, என்னைப் படிக்கச் சொன்னார். பரீட்சை தேறினால் பதவி உயர்வு. "நீ பேசுற தமிழே ஆவடியில பாதிப் பேருக்குப் புரியல, இதுல இத்தாலியனா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நாற்பதை நெருங்கும்போது பாடப்புத்தகத்தை எடுத்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆரம்ப நிலைகள் சுலபமாகவே போயின. காபி கேட்பது, ரயில் எப்போது என்று விசாரிப்பது, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை. மேல் இடைநிலைக்கு வந்ததும்தான் வினை. அங்கே நம் கருத்தைச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் கார் ஓடலாமா, பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்கலாமா என்று கணினித் திரையில் ஆசிரியை கேட்பார். நான் இரண்டு பக்கத்திலும் நன்மை தீமை உண்டு என்று அழகாகச் சொல்லி முடிப்பேன். அந்த அம்மாளுக்கு அது அறவே பிடிக்காது. "இது செய்தித்தாள் சொல்வது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். பிறந்த வீட்டில் யார் என்னைக் கேட்டார்கள்? கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக்கூட என்னைக் கேட்டு எடுக்கவில்லை. ஆபீசில் சொன்னதைச் செய்து, கேட்டதை எடுத்துக் கொடுத்துத்தான் நல்ல பேர் வாங்கியிருந்தேன். கருத்தே இல்லாதவளிடம் கருத்தைக் கேட்டால் எங்கே போவது? கடைசியில் 'செகொந்தோ மே', அதாவது 'என்னைப் பொறுத்தவரை', என்று தொடங்கி எதையாவது சொல்லப் பழகினேன். அப்படித் தொடங்கினால் வினைச்சொல்லை ரொம்பத் திருக வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கு ஏற்ற வழி, எனக்கு ஒத்துப்போயிற்று.

ஃபோர்மேனை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆவடிப் பக்கத்து முத்தாபுதுப்பேட்டைக்காரர். "இன்னாம்மா, என்னிய மளிகக் கடக்காரனாக்கிட்டியே" என்பார் முதலில். பிறகு நான் மறந்துபோய் சார் என்றால் முகம் சுருங்கிவிடும். மிஷின் வந்த புதிதில், அதன் இத்தாலியன் கையேட்டை நான் படித்துச் சொல்ல, அவர் கழற்றி மாட்டுவார். நான் தப்பாகச் சொன்னால் மிஷின் ஓடாது. இத்தாலியன் பரீட்சைக்கு இந்தப் பரீட்சை எவ்வளவோ மேல் என்று தோன்றும். அவர் மகள் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். நிரந்தரமாக்குவார்கள் என்று வருஷா வருஷம் சொல்லி, வருஷா வருஷம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மிஷினில் ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். பிளாஸ்டிக் சுருள் சிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, எடுத்து, மறுபடி ஓட விட வேண்டும். அவசர ஆர்டர் ஒன்று வந்தபோது, காலைக் கூட்டத்தில் என் கண் முன்னாலேயே மேனேஜர் ஃபோர்மேனிடம் சொன்னார்: "கதவுக்காக எல்லாம் மிஷின நிறுத்திக்கிட்டு இருக்காதீங்க. எதையாவது பண்ணுங்க, லோடு போயாகணும்." எதையாவது என்றால் என்னவென்று ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும். சென்சாரில் ஒரு காந்தத் துண்டை ஒட்டினால் போதும், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு மிஷின் ஓடும். லோடு போயிற்று. காந்தத்தை எடுக்க யாரும் சொல்லவில்லை. பாடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆபரேட்டர் ஒருவர் சிக்கிய சுருளை இழுக்கப் போய் வலது கையில் இரண்டு விரலை இழந்தார்.

மிஷின் கம்பெனி தன் எஞ்சினியரை விசாரிக்க அனுப்பியது. அவருடைய அறிக்கை தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் போகும் என்றார்கள். காந்தத்தை ஒட்டச் சொன்னது நிர்வாகமா, இல்லை ஃபோர்மேனும் ஆபரேட்டரும் தாங்களாகச் செய்துகொண்டதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது என்று முடிவானால் ஃபோர்மேனுக்கும் வேலை போகும், விரல் போனவருக்கும் போகும்.

கூட்டத்துக்குப் போகுமுன் அண்ணாச்சி என்னை வராந்தாவில் நிறுத்தினார். "தோ பாரும்மா, நான் இன்னா சொல்றனோ அத்த அப்டியே அவராண்ட சொல்லிடு. நானா பண்ணேன்னுதான் சொல்லப் போறேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் சர்வீஸு கீது. எம் பொண்ண பெர்மனென்ட் பண்றேன்னு மேனேஜரு சொல்லிக்கீறாரு."

"விரல் போனவருக்கு என்ன வழி அண்ணாச்சி?"

"அவனுக்கும் எதனா செய்வாங்கம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறைக்குள் சொன்னபடியே சொன்னார். யார் சொல்லியும் இல்லை, நானாகத்தான் ஒட்டினேன் என்றார். நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எஞ்சினியர் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, பேனாவை மூடினார். மிஷின் மனிதர் அவர், எங்கேயோ இடிக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் என்னைக் கேட்டார்.

"என்னம்மா கேக்குறாரு?" என்றார் மேனேஜர்.

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இத்தாலியன் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது. "வாணாம்மா" என்றார், உதடு மட்டும் அசைய.

நான் வெறும் மொழிபெயர்ப்பாளர், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இத்தாலியனில் சுத்தமான வாக்கியம் என்னிடம் தயாராகவே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. பதவி உயர்வு, வீட்டுக்கடன், அந்தப் பெண்ணின் வேலை, எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தன. கூடவே, பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் கதவத் தொறக்கலக்கா, அது தொறந்தேதான் கெடந்துச்சு" என்று ஆபரேட்டர் திரும்பத் திரும்பச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. யாராவது நம்ப வேண்டுமே என்ற தவிப்பு அவருக்கு.

"செகொந்தோ மே" என்று தொடங்கினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை. காலைக் கூட்டத்தில் கேட்டதை, கேட்டது கேட்டபடி சொன்னேன். எஞ்சினியர் என்னைத் திருத்தவில்லை, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மேனேஜர் மறுபடியும் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பவள் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு இருக்க முடியாதே. "நான் என்ன நினைக்கிறேன்னு கேட்டாரு சார்" என்று, சொன்னது முழுவதையும் தமிழில் அவர் முகத்துக்கு நேராக இன்னொரு முறை சொன்னேன். இத்தாலியனில் சொன்னபோது நடுங்காத குரல் தமிழில் நடுங்கியது. மேனேஜரின் கழுத்து சிவந்து போயிற்று.

அறிக்கையில் நிர்வாகத்தின் உத்தரவு என்றே வந்தது. விரல் போனவருக்குத் தரச் சோதனைப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஃபோர்மேனை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவர் மகளின் ஒப்பந்தம் முடிந்தபோது சத்தமில்லாமல் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். என் பதவி உயர்வைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. நானும் கொஞ்ச நாளில் வெளியேறி, இப்போது பல கம்பெனிகளுக்குப் போய் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். நான் அங்கே இருந்தவரை அண்ணாச்சி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு நாள், சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து, "உன்ன யாரும்மா கேட்டா?" என்றார்.

போன மாதம் ஆவடி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒதுங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன், நின்றார். மகள் பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம், கால் வீங்கிப் போகிறதாம். சைக்கிள் ஸ்டாண்டில் அவர் கேட்டதற்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொன்னேன். "அன்னைக்கு அந்த எஞ்சினியர் என்னைத்தான் கேட்டாரு அண்ணாச்சி. நீ என்ன நெனைக்கிறேன்னு கேட்டாரு."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னக் கேட்டாரு. என்னிய ஒருத்தனும் கேக்கலியேம்மா" என்றார்.

"இப்ப நான் கேக்கேன் அண்ணாச்சி. நீங்க என்ன நெனைக்கீய?"

"நீ சொன்னது நெஜந்தான். எம் பொண்ணு வேல பூட்ச்சே, அதுவும் நெஜந்தான். இதுல நான் இன்னாத்தம்மா நெனைக்கிறது?"