பாரனுக்காக மூடிய வழி

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியபோது என்னை மேனேஜராகப் போட்டார்கள். என் அக்கா பழனியம்மாள் அதே எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

ஸ்வீடனிலிருந்து பாரன் என்ற பிரபுப் பட்டம் உள்ள ஒருவர் வருவதாக டிராவல்ஸ்காரர் சொன்னார். முதலாளி போனில், "ஏனுங்க, பிரபு வமுசமுங்க. ஒரு கொறை இருக்கப்படாது" என்றார். ஸ்வீடன் பிரபுக்களைப் பற்றி நெட்டில் தேடினேன். குடும்பச் சின்னம் பொறித்த கேடயங்கள், வரியே கட்டாத வாழ்க்கை, பெரிய பதவியெல்லாம் அவர்களுக்கே. அதற்குக் கீழே இன்றைய நிலை என்று ஒரு பகுதி இருந்தது. அதைப் படிக்கவில்லை. அரைகுறைப் படிப்புக்கே என் ஆட்டம் தாங்கவில்லை.

உடனே உத்தரவு போட்டேன். அவர் இருக்கும் மூன்று நாளும் லேபர் யாரும் பங்களா முன்வழியில் வரக்கூடாது, பழமூட்டையோடு பின்பக்க மேட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அக்காவுக்கு முட்டி வலி இருப்பது எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் அவள் மூட்டையோடு முன்வழியிலேயே வந்தாள். பாரன் வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏய், சொன்னா அறிவில்ல? பின்னால போ!" என்று கத்தினேன்.

"முட்டி நொம்ப வலிக்குதுங்க" என்றாள். கூடப் பிறந்த தம்பியிடம் மரியாதை போட்டுப் பேசிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

யார் அது, தெரிந்தவரா என்று பாரன் கேட்டார்.

"இங்கே வேலை செய்யும் லேபர் சார். உங்கள் மரியாதைக்காகத்தான் இந்த வழியில் விடவில்லை" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. ஊரில் அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவராம். பிரபுக்களின் சலுகைகள் ஒவ்வொன்றாகப் போய், ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தையும் இந்த நூற்றாண்டில் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்களாம். ஸ்டாக்ஹோமில் ஒரு மாளிகையில் குடும்பக் கேடயம் தொங்குகிறது, அவ்வளவுதான் என்றார். "எங்கள் ஊரிலேயே ஒழிந்துபோனதை என் பேரைச் சொல்லி இங்கே ஏன் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். அவள் என் அக்கா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முன்வழியிலயே வாக்கா" என்றேன்.

"வேண்டாஞ் சாமி. நான் உன்ற அக்கான்னு அந்தத் தொரைக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் கொறச்சல். நான் சுத்தியே போயிக்கறேன்."

உத்தரவு போட ஒரு நிமிஷம் போதும், அதைத் திரும்ப வாங்குவது நம் கையில் இல்லை என்று அன்றுதான் கற்றேன். பாரன் கிளம்பிய அன்றே முன்வழியைத் திறந்துவிட்டேன். எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். அக்கா மட்டும் இன்னும் மேட்டைச் சுற்றிப் போகிறாள்.