வாசல் வரை போட்ட சுண்ணாம்புக் கோடுகள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, அம்மாவின் பொறுமையைப் பற்றி மகளான நான் நாலு நல்ல வார்த்தை எழுதியிருப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அம்மா பொறுமையாகத்தான் இருந்தார். எனக்கு அது வாய்க்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டாலும் முழுவதும் படியுங்கள்.

அம்மா பிறந்தது சங்ககிரி மலை தெரியும் தூரத்தில் ஒரு சிற்றூர். ஆறு வயதில் தாயை இழந்தார். தூக்கி வளர்த்தவர் அண்ணன், எங்கள் பெரிய மாமா. பதினேழு வயதில் நாமக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். கிணறு வற்றிய வருடங்களில் அப்பாவோடு உள்ளே இறங்கி மண் சுமந்தார். அந்த வருடங்களிலும் எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் "வாங்க" என்ற சொல்லும் ஒரு சொம்புத் தண்ணீரும் கிடைக்காமல் போனதில்லை. நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்க என்று சொல்லாத வீட்டின் படியைச் சாகும்வரை மிதிக்காதவர்கள் நாம்.

நாட்டுக்கு விடுதலை கிடைத்து ஏழெட்டு வருடம் கழித்து அம்மாவின் வலது கைக் கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. பிறகு கை முழுவதும் ஆடியது. நடை சுருங்கியது, குரல் இறங்கியது, முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. காத்துக் கருப்பு என்று சிலர் கயிறு கட்டினார்கள். திமிர் என்றார்கள் சிலர். நானும் யோக்கியமில்லை. "வந்தவங்களப் பாத்துக் கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னம்மா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் சாமி இருக்கறேன்" என்றார். நான் நம்பவில்லை.

சேலத்து டாக்டர் சொன்ன பிறகுதான் நம்பினேன். "இது பார்க்கின்சன்னு சொல்ற நடுக்குவாதம். மொகத்துத் தசை இறுகிடும், குரல் அடங்கிடும். மனசு அப்படியேதான் இருக்கும். அவங்க கோவமா இருக்கறாங்கன்னு நெனைச்சுடாதீங்க" என்றார். குணமாகாது, மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னார்.

அம்மா அதைக் கேட்டு மூலையில் உட்காரவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வெங்காயக் காட்டில் மட்டும் பாத்தி வரப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மளமளவென்று போவார். "தாண்டறதுக்கு ஒண்ணு இருந்தா காலு போகுது சாமி. ஊட்டுக்குள்ளயும் வரப்புப் போட்டுடு" என்றார். அடுப்படியிலிருந்து நிலைப்படி வரைக்கும் அடிக்கொரு குறுக்குக்கோடு சுண்ணாம்பில் போட்டேன். அன்றிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். தண்ணீர் சிந்தாமலிருக்க மூடி போட்ட தூக்குப்போசியில் கொண்டுவந்தார். என் மகனின் தூளிக்கயிற்றை ஆடும் கையில் சுற்றிக்கொண்டு, "சும்மா ஆடற கை, புள்ளையாச்சும் தூங்கட்டும்" என்பார். அப்போதும் முகம் அசையாது. கண்ணைப் பார்த்தால் தெரியும்.

மாமா தம் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்த அன்று நான் கிணற்றடியில் இருந்தேன். அம்மா தூக்குப்போசியோடு கோடு கோடாகத் தாண்டி நிலைப்படிக்கு வந்துவிட்டார். கோடுகள் அங்கே முடிந்திருந்தன. கால் ஒட்டிக்கொண்டது. "வாங்கண்ணான்னு சொன்னேன் சாமி" என்று பிறகு என்னிடம் சொன்னார் அம்மா. சொல்லித்தான் இருப்பார். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல் அது. மாமா கண்டதெல்லாம், தண்ணீரைத் தராமல், இறுகிய முகத்தோடு வழியை மறித்து நின்ற தங்கையைத்தான். தட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாளே போய் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல எந்த வியாதி தடுக்குது அம்மிணி? நாந் தூக்கி வளத்த புள்ள. அது மொகம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியவில்லை மாமா. வளர்த்தவருக்கே தெரியவில்லை. மணப்பெண்ணின் அத்தையான அம்மா இல்லாமல் அந்தக் கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்த உறவினர்களே, அவர் எங்கே என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? கேட்டவர்களும், "அண்ணனையே வாசலோட அனுப்பினவ" என்று ஊர் ஊராகக் கொண்டுபோனீர்கள்.

அன்று மாமா வீட்டிலிருந்து நான் திரும்பி வந்ததும் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கோட்ட வாசல் தாண்டித் தெரு வரைக்கும் போட்டுடு. அண்ணன் மறுக்கா வந்தா நான் வெளிய போயிக் கூப்புடோணும்" என்றார். ஐந்து வருடம், மழை அழிக்க அழிக்க அந்தக் கோடுகளைப் போட்டேன். காலையில் வெறும் தெருவைப் பார்த்து நின்று "வாங்கண்ணா, வாங்கண்ணா" என்று உரக்கச் சொல்லிப் பழகுவார். உடம்பு நன்றாக இருந்த நாட்களில் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. மாமா வரவில்லை.

கடைசியில் விழுங்க முடியாமல் போயிற்று. சளிக்காய்ச்சல் கண்டு நான்காம் நாள் அடங்கிவிட்டார்.

உண்மையைச் சொன்ன டாக்டருக்கும், சேலம் போகும்போதெல்லாம் முன் சீட்டை ஒழித்துக் கொடுத்த லாரிக்காரர் அண்ணனுக்கும், தினமும் தலைவாரிவிட்ட பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவுக்கும், சோறு பிசைந்து ஊட்டிய எங்கள் அப்பாவுக்கும் இந்தக் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா இறந்த அன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு மாமா வந்தார். "இதென்ன அம்மிணி, வாசலெல்லாம் கோடு?" என்று கேட்டார். "உங்களக் கூப்புட வர்றதுக்கு அம்மா போடச் சொன்னதுங்க மாமா" என்றேன். இழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. அன்று ஒருவரும் சொல்லாமலேதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள் மாமா.

நினைவு நாளன்று எல்லோரும் வர வேண்டும். மாமா, நீங்களும் வர வேண்டும். நிலைப்படியில் நான் நிற்பேன். வாங்க என்று சொல்லுவேன். நீங்கள் வெற்றிலைத் தட்டோடு வந்த அன்று அம்மா சொன்ன சத்தத்தில்தான் சொல்லுவேன். கேட்டால் உள்ளே வாருங்கள்.